பேக்கி கில்வாரியின் கேட்

ஏப்ரல் 9

போகும்போதும் எதிர்க்காற்று, திரும்பும்போதும் எதிர்க்காற்று. எங்கள் மேயோ மாவட்டத்தில் மட்டும்தான் இந்த அநியாயம் நடக்கும்.

புது சைக்கிள் சுற்றுப்பாதையை இன்று முழுச் சுற்று ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வீடாகிவிட்ட பழைய ரயில் நிலையத்தில் கிளம்பி, ஏரிக்கரையோடு போய், பஞ்சகாலத்தில் கஞ்சிக்காகக் கட்டிய அந்த உதவாக்கரை மதில் ஓரமாக மேலேறி, கூரையில்லாத மடாலயம் வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. வேலியெல்லாம் வெள்ளைப் பூ. நெஃபின் மலை அபூர்வமாக மேகத் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி இப்படி ஓட்டலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

குறையெல்லாம் மடாலயத்துக்கு அப்புறம்தான். அங்கிருந்து கிழவர் பேக்கி கில்வாரியின் வண்டிப்பாதையில் இறங்கினால், பெரிய சாலையைக் குறுக்கே கடந்து, நேரே நம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அது அவர் நிலம். அனுமதி இன்னும் இல்லை. ஆகவே பெரிய சாலையில் இரண்டு மைல், லாரிகளோடு. ஒரு லாரி என் காதை உரசிக்கொண்டு போனது. டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான். கொல்லப் பார்த்தாலும் மரியாதை தவறாத ஊர்.

பெரிய சாலையில் அந்த இரண்டு மைல் இருக்கும் வரை பாதைக்குச் சான்று கிடையாது. சான்று இல்லாவிட்டால் வரைபடத்தில் ஏறாது. வரைபடத்தில் ஏறாத பாதைக்கு யார் வருவார்கள்? யாரும் வராவிட்டால் என் வாடகை சைக்கிள்களும் கணவன் கோல்மனின் தேநீர் அறையும் இந்தக் கோடையோடு சரி. நிலையத்தை விற்றுவிட்டு டப்ளினில் மகள் வீட்டுப் பக்கம் போக வேண்டியதுதான். மருமகன் ஒரு கிடங்கில் கோல்மனுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறான். "எனக்கு சம்மதம்தான்" என்கிறான் கோல்மன். பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்கும். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 12

பாதைக் கமிட்டிக் கூட்டம். தபால் நிலையத்தின் பின்னறையில், கான்செப்டா லோஃப்டஸ் தலைமையில். கான்செப்டா தபாலும் பார்ப்பாள், கடையும் பார்ப்பாள், ஊர் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் அவளே பார்த்துக்கொள்வாள்.

கமிட்டி வேலைக்கு வைத்த பொறியாளர் ருவரி டப்ளின்காரன். பேக்கியிடம் அனுமதி கேட்டுவிட்டு வந்திருந்தான். நல்ல பையன், பாவம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது.

"எங்க வச்சு கேட்ட, தம்பி?" என்றாள் கான்செப்டா.

"முற்றத்துலதாங்க."

"நின்னுக்கிட்டா?"

"ஆமா. டீ குடிக்கிறியான்னு கேட்டாரு, வேண்டாம்னேன். மறுபடி கேட்டாரு, வேண்டாம்னேன்."

"மூணாவது தடவ?"

"அதுக்குள்ள நான் பேப்பர எடுத்து நீட்டிட்டேனே."

மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். மூன்றாவது தடவை கேட்கும் முன்பே காகிதம். நின்றுகொண்டு. அதுவும் வந்ததும் வராததுமாக. ஒரு மனிதனிடம் நிலம் கேட்கப் போனால் வானிலை, மாடு, கால்பந்து, செத்தவர்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பேசிவிட்டு, கிளம்பும்போது கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று டப்ளினில் சொல்லிக் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"இன்சூரன்ஸ் பிரச்சினைன்னாரு."

அது காரணமே இல்லை. காரணத்தைச் சொல்ல விருப்பமில்லாத எந்த விவசாயியும் இந்தப் பக்கம் சொல்கிற சொல் அது.

கடைசியில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் அப்பாவும் பேக்கியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சாம். "நீ போ இமெல்டா. ஆனா ரொம்ப தொந்தரவு பண்ணாத. அவரு தம்பி ஆண்டனி தவறிப் போனதுலேர்ந்து மனுஷன நாங்க யாரும் தொந்தரவு பண்றதில்ல" என்றாள் கான்செப்டா.

ஏப்ரல் 17

போனேன். வண்டிப்பாதையின் கேட்டை நீல நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். ஒரு முடிச்சா? முடிச்சுக்குமேல் முடிச்சு. நகம் பேர்ந்துவிட்டது. நான் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்து வந்து சேர்ந்துவிட்டார்.

"மார்ட்டின் டூஹி மகதான நீ? நடக்குற நடையே சொல்லுதே."

"நடக்கலையே பேக்கி, சைக்கிள்ல வந்தேன்."

"எறங்குன எறக்கம் சொல்லுது."

டீயை இரண்டு தடவை மறுத்தேன், மூன்றாவது தடவை ஒப்புக்கொண்டேன். எல்லாம் முறைப்படி. வானிலை: மோசம், இன்னும் மோசமாகும். மேயோ கால்பந்து அணி: இந்த வருடம் ஜெயிக்கும் என்று சொல்லவே கூடாது, சொன்னால் தோற்கும். பிறகு செத்தவர்கள். அந்தப் பட்டியல் என் தாத்தா காலத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அவர் சுட்ட சோடா ரொட்டி — கோல்மனிடம் சொல்லிவிடக் கூடாது — கோல்மன் சுடுவதைவிட நன்றாக இருக்கிறது.

பேச்சோடு பேச்சாக, பழங்காலப் பாதை என்று ஆரம்பித்துப் பார்த்தேன். "1798-ல பிரெஞ்சுப் படையே இந்த வழியாத்தான் போச்சுன்னு சொல்றாங்களே."

"போனானுங்க. ஒருத்தனும் கேட்ட மூடல" என்றார்.

கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். "பார்ப்போம்" என்றார். இங்கே அதற்கு என்ன அர்த்தம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. அரை நாள் போச்சு.

ஏப்ரல் 18

வயிறு இன்னும் ரொட்டியால் நிறைந்திருக்கிறது.

ஏப்ரல் 27

நல்ல செய்தியோடு போனேன்: கமிட்டியே இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளும். ஒரு பைசா அவர் தலையில் விழாது. முகம் மலரும் என்று பார்த்தேன்.

"மாடு இருக்கே" என்றார்.

"மாட்டுக்கு என்ன?"

"கேட்டத் தொறந்து போட்டுட்டுப் போயிடுவாங்க. மாடு பெரிய சாலைக்குப் போயிடும்."

சரி, நியாயம். ருவரியிடம் சொன்னேன். அவனுக்குக் கண் மின்னியது. கேட்டையே எடுத்துவிடலாமாம். பள்ளம் வெட்டி, மேலே இரும்புக் கம்பிகள் பதித்து ஒரு தடுப்பு. சைக்கிள் நிற்காமல் ஓடும், மாடு கால் வைக்காது. "அவரு எழுந்திரிக்கவே வேண்டாம்" என்றான். நல்ல யோசனை. பையனைக் கொஞ்சம் அவசரப்பட்டுத் திட்டிவிட்டேனோ?

மே 3

கம்பித் தடுப்பைப் பற்றி எடுத்துச் சொன்னேன். என்னைவிட நன்றாக யாரும் சொல்லியிருக்க முடியாது. "ஒருத்தரும் கேட்டத் தட்ட மாட்டாங்க பேக்கி. சர்ருனு போயிடுவாங்க. அவங்க வந்ததே உங்களுக்குத் தெரியாது."

"அப்படியா" என்றார்.

இரண்டாவது கோப்பை டீ வரவில்லை. என்ன தப்பாகச் சொன்னேன்?

மே 4

கோல்மன்: "கல்லுல நார் உரிக்கிற. விட்டுடேன்."

நான்: "நீ ஸ்கோன் சுடுற வேலையப் பாரு."

சுடுகிறான். யாரும் தின்ன வராத ஸ்கோன். நானே தின்று குண்டாகிறேன்.

மே 10

வழியே இல்லையென்று கடைசி அஸ்திரம். பாதையை அவர் வீட்டு முன்னால் விடாமல் கொட்டகைக்குப் பின்னால் திருப்பிவிடுவது, இடையில் உயரமான வேலி நட்டுவிடுவது. வருகிறவர்கள் அவர் கண்ணில்கூடப் படமாட்டார்கள். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சௌகரியம் செய்து தர முடியும்? ருவரி வண்ண வண்ணமாகப் படம் வரைந்து கொடுத்திருந்தான்.

பேக்கி படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வேலி வரைந்திருந்த பச்சைக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவை தேய்த்தார்.

"முடியாது" என்றார்.

வெறும் முடியாது. 'பார்ப்போம்' இல்லை, 'யோசிக்கணும்' இல்லை, இன்சூரன்ஸ்கூட இல்லை. இந்த ஊரில் ஒருவர் நேரடியாக முடியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தன் கல்யாணத்தில் பாதிரியார் கேட்ட கேள்விக்குக்கூட என் அத்தை 'பார்ப்போம்' என்று முணுமுணுத்தவள். படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 11

வீடு விற்றுக் கொடுக்கிறவர் வந்து நிலையத்தை அளந்துவிட்டுப் போனார். கோல்மனே வரச் சொல்லியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"சும்மா ஒரு கணக்குக்குத்தான்" என்றான். காது தக்காளி.

சண்டை போட்டேன். பிறகு அவன் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். தொண்ணூறு வருடமாக ரயில் வராத பிளாட்பாரம். மழை தூறிக்கொண்டிருந்தது, அவன் எழுந்து வரவில்லை. எனக்கு இந்த இடத்தை விட்டுப் போக மனசில்லை. அவனுக்கும் இல்லை. அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் சரி சரின்னு நடிக்கிறோம்? எல்லாம் அந்தக் கிழவரால. பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறாரு. என்னதான்யா வேணும் அவருக்கு?

மே 19

கை முழுக்க எரிகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

இன்று முறை, மரியாதை எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று. கேட்டில் அதே நீலக் கயிறு. முன்னைவிட இரண்டு முடிச்சு கூடுதல். நான் இழுக்க, அது இறுக, எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சைக்கிள் பையிலிருந்த கத்தியை எடுத்து ஒரே அறுப்பு.

நிமிர்ந்தால் பேக்கி நிற்கிறார்.

அடுத்தவர் கேட்டின் கயிற்றை அறுப்பது என்றால் இந்தப் பக்கம் சும்மா இல்லை. இதற்காக இரண்டு தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. நான்தான் உளறினேன்: "மாடு... மாடு வெளிய போயிடும், நான் வேற கயிறு..."

"எந்த மாடு?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வயல் காலி. புல் முழங்கால் உயரம். மாடு மேய்ந்த வயலா அது? இத்தனை தடவை வந்திருக்கிறேன், ஒரு தடவையாவது பார்த்தேனா? என் கண்ணெல்லாம் பாதையில்.

"நவம்பர்லயே வித்துட்டேன், பொண்ணே. இடுப்பு ஒத்துழைக்கல." பிறகு, "டீ குடிக்கிறியா?"

"வேண்டாம்" என்றேன். அவர் மறுபடி கேட்கும்வரை நிற்கவில்லை. கோபம், வெட்கம், இரண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் முற்றம் வழியாகவே மேலே மடாலயத்துக்குப் போய்விட்டேன்.

அங்கே கூரையில்லாத மண்டபத்தில் உட்கார்ந்து யோசித்தேன். மாடு இல்லை. பிறகு எதற்கு மாட்டைச் சொன்னார்? மாடில்லாத வயலுக்கு எதற்குக் கேட்? அதற்கு எதற்கு அத்தனை முடிச்சு?

கேட் மூடியிருந்தால் வருகிறவர் நிற்பார். முடிச்சுப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். அதை அவிழ்ப்பதற்குள் இடுப்பு சரியில்லாத ஒருவர் அடுப்படியிலிருந்து கேட் வரைக்கும் வந்துவிடலாம்.

எனக்கு அழுகை வந்தது. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்? பால் லாரி வருவது மாட்டோடு நின்றுபோயிருக்கும். தபாலும் இப்போது பெரிய சாலையோரப் பெட்டியோடு சரி. ஆண்டனி போன பிறகு அந்தப் பாதையில் மனிதர் காலடியே இல்லை. நாங்கள்? 'தொந்தரவு பண்ணாதீங்க, பாவம் மனுஷன்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே நாலு வருடம் அவரைத் தனியே விட்டிருக்கிறோம். அவரும் வாயைத் திறந்து வாங்க என்று சொல்ல மாட்டார். அது பிச்சை கேட்பது மாதிரி ஆகிவிடுமே. அந்த மனிதரிடம் போய் நான் சொன்னது என்ன? யாரும் நிற்க மாட்டார்கள். வந்ததே தெரியாது. கண்ணில்கூடப் பட மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தனிமையை அதிகமாக்கிக் கொடுத்திருக்கிறேன். சை.

இதை உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று சைக்கிளில் ஏறி இறக்கத்தில் பறந்தேன். வழக்கம்போல் பிரேக் இல்லை. முற்றம் வந்தது. கேட், நான் கயிற்றை அறுத்துப் போட்ட கேட், காற்றில் ஆவென்று திறந்து கிடந்தது. நிறுத்துவதற்குள் அதைத் தாண்டி நேரே பெரிய சாலையில் இருக்கிறேன். வளைவில் பால் லாரி. ஹாரன் மட்டும்தான் நினைவிருக்கிறது. ஒடித்துத் திருப்பி எதிர்ப்பக்கப் பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தேன். பள்ளம் நிறைய, பட்டால் எரிக்கிற காஞ்சொறி.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. தேள்கொட்டின மாதிரி இரண்டு கையும் முகமும். லாரிக்காரனின் வசவை இங்கே எழுதப் போவதில்லை. கொஞ்ச நேரத்தில் பேக்கி வந்து சேர்ந்தார், அந்த இடுப்போடு, அந்த இறக்கம் முழுவதும், இரண்டு கையிலும் சுக்கான் இலையோடு. காஞ்சொறி பட்டால் தேய்க்கிற இலை. சாலையோரம் குனிய முடியாமல் குனிந்து என் கையில் தேய்த்துவிட்டார்.

"டீ குடிக்கிறியா?" என்றார்.

"குடிக்கிறேன்" என்றேன், முதல் தடவையே.

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. தலையில் அடிபட்டிருக்கிறதா என்று விரலைக் காட்டி எண்ணச் சொன்னார்.

கால்பந்தைப் பேசினோம், செத்தவர்களைப் பேசினோம். நானும் அந்தப் பட்டியலில் சேர இருந்தேன் என்பதால் கொஞ்சம் கூடுதல் சுவாரஸ்யம். கிளம்பும்போது கதவுப்பிடியில் கை வைத்தேன்.

"பேக்கி, அந்தக் கேட்ட எடுக்கக் கூடாது. கம்பித் தடுப்பும் கூடாது, வேலியும் கூடாது. இன்னிக்கு எனக்கு நடந்தது நாளைக்கு வர்றவங்களுக்கும் நடக்கும். யாராவது ஒருத்தர் இங்க கேட்ட மூடி வச்சு ஒவ்வொருத்தரையும் நிறுத்தி அனுப்பணும். உங்களால முடியுமோ முடியாதோ. தொந்தரவுதான்."

வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரங்கிச் சொல்கிறேனோ என்று அளந்து பார்த்திருப்பார். என் முகத்தில் இருந்த தடிப்பைப் பார்த்தால் அப்படித் தோன்றியிருக்காது. நான் சொன்னதில் பொய்யும் இல்லை.

"கீல் துருப்பிடிச்சிருக்கு. எண்ணெ போடணும்" என்றார்.

மே 20

கண் ஒன்று வீங்கி மூடிவிட்டது. மற்றக் கண்ணால் சிரிக்கிறேன். கோல்மனிடம் எல்லாம் சொன்னேன். எழுந்து போய் மாவு பிசைய ஆரம்பித்துவிட்டான்.

மே 24

கமிட்டி. ருவரி விதிப்புத்தகத்தை எடுத்தான்: பாதையில் தடை எதுவும் இருக்கக் கூடாது, கேட் ஒரு தடை. "இன்னிக்கு என் மூஞ்சியப் பாத்துட்டு அதச் சொல்லு, தம்பி" என்றேன். பார்த்தான். புத்தகத்தை ரொம்ப நேரம் புரட்டினான். கடைசியில் 'சாலை கடக்குமுன் கட்டாய நிறுத்தம்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். விதியே அதை விரும்புகிறதாம். பையன் தேறிவிட்டான்.

மாடு விஷயத்தைச் சொன்னபோது கான்செப்டா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, "வாரத்துல ஒரு தடவ கேக்கு கொண்டு போலாம்னு நெனப்பேன், இமெல்டா. தொந்தரவா இருக்குமேன்னு நானே தின்னுடுவேன்" என்றாள். சிரிக்கவில்லை.

ஜூன் 14

சான்று கொடுக்கிற அம்மாள் வந்தாள். ஃபிடெல்மா கீலி. சொந்த சைக்கிள், மணிக்கட்டில் நிறுத்துகடிகாரம், உதட்டில் சிரிப்பு என்ற பேச்சே இல்லை. பாதைக்கு எவ்வளவு நேரம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோமோ அதற்குள் முடிய வேண்டுமாம். நான் கூடவே ஓட்டினேன். ஏரி, மதில், மடாலயம், எல்லாவற்றிலும் ஒரு தலையாட்டல், ஒரு குறிப்பு. நன்றாகத்தான் போனது.

பேக்கியின் கேட். கோட்டு போட்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. கயிறு இருக்கிறது, புதுக் கயிறு.

"டீ குடிக்கிறீங்களா?"

"இல்லை, நன்றி, நேரமில்லை" என்றாள் கீலி அம்மாள்.

"ஒரு வாய் குடிக்கலாமே."

"வேண்டாம்."

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். பேக்கி முடிச்சை அவிழ்த்தார், நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல். "மழ வருதே" என்றார். வானத்தைப் பார்த்தோம். சொல்லிவைத்த மாதிரி கொட்டியது. "இப்பவாவது?" என்றார்.

உள்ளே போனோம். நிறுத்துகடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா ஊர் எது, அந்த ஊரில் எந்த கீலி, அந்த கீலியின் மாமா ஒருவர் மாட்டுச் சந்தையில் பேக்கியின் அப்பாவை ஏமாற்றியது... வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "அவரு எங்க எல்லாரையும் ஏமாத்துனவருங்க" என்கிறாள்.

மழை நின்று வெகு நேரம் கழித்துத்தான் கிளம்பினோம். கை நிறைய, ஜாம் காய்ச்சுகிற ருபார்ப் தண்டு கொடுத்து அனுப்பினார். நிலையத்துக்கு வந்ததும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், எங்கள் காகிதத்தைப் பார்த்தாள், சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

முடிவு இரண்டு வாரத்தில். கோல்மன் இரவுச் சாப்பாட்டில் உப்பையே மறந்துவிட்டான்.

ஜூன் 28

கிடைத்துவிட்டது. நேரக் கணக்கை மட்டும் திருத்தச் சொல்லியிருக்கிறாள்: 'அரை நாள்' என்பதை 'ஒரு நாள்' என்று.

கோல்மன் மாவுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். கறுப்புச் சட்டை பாழ்.

ஜூலை 21

ஒரு சைக்கிள்கூட மிச்சமில்லை. டச்சுக்காரர்கள், கார்க் நகரத்து ஆசிரியைகள், எங்கிருந்தோ ஒரு தேனிலவு ஜோடி. எல்லாரும் வெளியே போயிருக்கிறார்கள். நான் மகாராணி.

ஆனால் கேக் விற்கவில்லை. ஒரு துண்டுகூட. ஒவ்வொரு நாளும் இதே கதை. திரும்பி வந்து சைக்கிளை விடுகிறார்கள், வயிற்றைத் தடவுகிறார்கள், "அந்தக் கேட்டுப் பெரியவரு விடவே இல்லைங்க" என்கிறார்கள். டச்சு அம்மாள் நாலு துண்டு ரொட்டி தின்றாளாம். செத்துப்போன என் பெரியப்பாவைப் பற்றி எனக்கே தெரியாத விஷயத்தை அவள் எனக்குச் சொல்கிறாள்.

"எதிரிலயே போட்டிக் கடை தொறந்து விட்டுட்ட" என்றான் கோல்மன். "அதுவும் இலவசக் கடை."

ஜூலை 23

கோல்மன் கேக்கையெல்லாம் பெட்டியில் போட்டு பேக்கி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். பேக்கி ஒரு துண்டு தின்றுவிட்டு, "பரவால்ல. சோடா கொஞ்சம் ஜாஸ்தி" என்றாராம். ஆத்திரத்தில் கோல்மன் மறுபடியும் சுடுகிறான்.

ஆகஸ்ட் 10

மேயோ தோற்றது. பேக்கி வீட்டில் துக்கம். வழியில் போன நாலு ஜெர்மானியர்களும் உட்கார்ந்து துக்கம் அனுசரித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 15

மகளுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டோம். "நெனச்சேன்" என்றாள். வீடு விற்கிறவர் அப்புறம் வந்து நட்டுவிட்டுப் போன 'விற்பனைக்கு' பலகையைக் கோல்மன் பிடுங்கிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டான்.

நவம்பர் 16

மழை படுக்கைவசமாக அடிக்கிறது. அக்டோபருக்குப் பிறகு ஒரு சுற்றுலாக்காரரும் இல்லை. சைக்கிள்களுக்கு எண்ணெய் போட்டுக் கூரையில் தொங்கவிட்டாயிற்று. நெஃபின் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

காலையிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இத்தனை மாதம் ஆட்களை அனுப்பி அனுப்பிப் பழக்கிவிட்டு, இப்போது திடீரென்று ஒருவரும் இல்லையென்றால் முன்னைவிடக் கொடுமை இல்லையா? நம்மால் வந்த வினை. ஜன்னலில் உட்கார்ந்து வண்டிப்பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மழைக்கோட்டைப் போட்டேன். "இந்த மழையில எங்க?" என்றான் கோல்மன். "சும்மா" என்றேன். அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. கொண்டுபோகவும் ஒன்றும் இல்லை. ஏதாவது சாக்கு யோசித்துக்கொண்டே மிதித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நனைந்து தொப்பலாகக் கேட்டைத் திறந்து, மூடி, முற்றத்துக்குப் போனால் சுவரோரம் கான்செப்டாவின் சைக்கிள். கூடை வைத்த அந்தப் பழைய கறுப்பு சைக்கிள், பல வருடமாக அதை அவள் வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் தபால் வேன். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு சைக்கிள்.

கதவைத் தள்ளினேன். ஈரத்துணி நாற்றமும் புகையுமாக அடுப்படி நிறைய ஆள். கான்செப்டா, தபால்காரர், மடாலயத்தை ஒட்டிய வீட்டுக் கணவன் மனைவி. அடுத்த வருடம் மேயோ ஜெயிக்குமா என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலி இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில், விறகுக்குப் பதில் எரிக்கிற கரிமண்கட்டி போட்டு வைக்கிற பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

பேக்கி ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். "கோப்ப எல்லாம் தீந்துபோச்சு, பொண்ணே" என்றார். "அந்த ஜாம் பாட்டில் இருக்கு பாரு, அத அலசிட்டு ஊத்திக்கோ." சொல்லிவிட்டுத் தபால்காரர் பக்கம் திரும்பிவிட்டார்.

அலசி ஊற்றிக்கொண்டேன். கண்ணாடி கையைச் சுட்டது. கோட்டின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.